வட்டைக்குள்ளால் போன ஜனாஸா

வரம்பு வழுக்கும் என்று முன்னால் போனவரிடம் இரண்டு தரம் சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் பலகை சாய்ந்துவிடும் என்று அவருக்குப் பயம். பலகையின் முன்முனை அவர் தோளில், பின்முனை என் தோளில். நடுவில், கயிறு போட்டுக் கட்டியபடி காக்கா கிடந்தார். என்னோடு வேலை செய்தவர், முஸ்லிம்; அவர்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். அன்று காலையில்தான் இறந்திருந்தார்.

எங்களுக்குப் பின்னால் செங்கல் அறுக்கிற வாடி இருந்தது. அதற்கப்பால் ஊர். ஊர்க்கோயிலின் உடுக்குச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. முன்னால் வட்டை, உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை நம்பிச் சிறுபோகம் விதைத்த வயல்வெளி. அதன் மறுகரையில் பெரிய வாய்க்கால் கட்டு. அந்தக் கட்டுக்கு அவர்கள் பள்ளிவாசலில் பிணம் ஏற்றுகிற ஜனாஸா வண்டி சுற்றி வந்துகொண்டிருந்தது. வெயில் இறங்குவதற்குள் காக்காவை அதில் ஏற்றவேண்டும். பொழுது படும்போது அவர் தன் ஊர் மண்ணுக்குள் இருக்கவேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் அன்று வேறு நினைப்பு இல்லை.

முன்னால் போனவர் காக்காவின் மருமகன். காத்தான்குடியில் போன் கடை வைத்திருப்பவர். பாரம் தூக்கிப் பழகாத தோள். பலகை அவருக்கு அறுத்தது, எனக்குத் தெரிந்தது. அவர் தோளை மாற்றாமல் நடந்தார்.

நான் அந்த வாடிக்கு வந்தது போன மழை விட்ட கையோடு. அதற்கு முன் வெல்லாவெளியில் மாடு பார்த்தேன். அதற்கு முன் ஒரு மில்லில் மூட்டை சுமந்தேன். ஓரிடத்தில் கால் தரிக்காத பிறவி நான். கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. வாடியில் வேலை இரண்டு இரண்டு பேராகத்தான் நடக்கும். ஒருவன் உமி கலந்து சேற்றை மிதிக்கவேண்டும், மற்றவன் அச்சில் அடித்துக் கல் அறுக்கவேண்டும். காக்கா கல் அறுப்பவர், நான் சேறு மிதிப்பவன். பொருந்தாத ஆளோடு சேர்ந்தால் ஒரு நாள் முழுக்கச் சண்டைதான். எங்களுக்குள் சண்டை இருந்ததில்லை. சேறு இளகிப்போனால் "தம்பி, இது கல்லா, கஞ்சியா?" என்று கேட்பார். அவ்வளவுதான் அவருடைய கோபம்.

ஒரே குடிசையில் படுத்தோம். அடுப்பு மட்டும் இரண்டு. ஒருநாள் யாரோ கொடுத்த காட்டுப்பன்றி வற்றலை நான் குழம்பு வைத்தேன். அவர் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு குடிசையின் மற்ற மூலைக்குப் போனார்.

"உன்ட சட்டிய உன்ட பக்கம் வெச்சுக்க. நான் திண்ண மாட்டன். இந்த மூக்கு இரிக்கே, அதுக்கு மார்க்கம் தெரியா, திண்டுபோடும்."

அதற்குப் பிறகு நான் வாடியில் பன்றி சமைக்கவில்லை. அவர் சொல்லி அல்ல. அவர் பாயைச் சுருட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. விருந்தாளி போலச் சத்தமில்லாமல் சுருட்டினார்.

வைகாசியில் ஊரில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தார்கள். வருடத்தில் ஒருமுறைதான் அந்தக் கதவு திறக்கும். திறந்து, சில நாள் கழித்து அம்மனைக் குளிரவைக்கிற குளிர்த்திச் சடங்கு முடியும்வரை ஊரே மச்சம், மீனோ இறைச்சியோ, சாப்பிடாது. அன்றைக்கு மாலை காக்காவும் தன் கருவாட்டுப் பொட்டலத்தைக் கூரையில் செருகிவிட்டுப் பருப்பை அடுப்பில் ஏற்றினார்.

"உங்களுக்கென்ன காக்கா? உங்களுக்கு இது இல்லையே" என்றேன்.

"எனக்கில்ல. ஊர் நோம்பிருக்கக்குள்ள நான் கருவாடு சுட்டா வாசம் அங்க போகும். நோம்புப் பகல்ல ஒருத்தன் எனக்கு முன்னால நிண்டு ரொட்டி சுட்டா எனக்கு எப்படியிரிக்கும்?"

அவர்களுடைய மார்க்கத்தில் தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பவேண்டும் என்று இருப்பதாகச் சொன்னார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். படித்தது ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில். அங்கே சுவரில், உனக்கு என்ன வேண்டுமோ அதைப் பிறருக்கும் செய் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். அதைச் சொன்னேன். "எல்லாரும் ஒண்டத்தான் எழுதி வெச்சிரிக்காங்க" என்று சொல்லிப் பருப்பைக் கிண்டினார்.

இறந்த அன்று காலை அவர் அச்சைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் குழிக்குள் நின்றேன். அச்சு விழுந்த சத்தத்தில் நிமிர்ந்தேன். நெஞ்சில் கையை வைத்தபடி குந்தியிருந்தார். நான் ஏறிப் போவதற்குள் சரிந்துவிட்டார். நெஞ்சு வருத்தத்துக்கு அவர் மாதாமாதம் கிளினிக் போகிறவர். திடீர் மரணம் விசாரிக்கிற அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்து, கிளினிக் கொப்பியைப் பார்த்து, இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, உடலைக் குடும்பத்திடம் கொடுக்கலாம் என்றார். வாடி முதலாளி கோயிலுக்குக் காப்புக் கட்டியிருந்தபடியால் வேலிக்கு அப்பால் நின்றே எல்லாவற்றையும் பார்த்தார். அழுதார். காப்புக் கட்டினவருக்குப் பிணம் தீட்டு, துடக்கு என்பார்கள். உள்ளே வரவில்லை.

காக்காவின் போனில் மகள் என்று இருந்த எண்ணை அடித்து நான்தான் சொன்னேன். மத்தியானத்துக்கு முன்பே மருமகன் ஜனாஸா வண்டியோடு வந்துவிட்டார். அவரும் ஓட்டுநரும் மட்டும். மற்றவர்கள் அங்கே குழி வெட்டவும் குளிப்பாட்டவும் ஆயத்தமாக நின்றார்கள்.

வண்டி வாடிவரை வரவில்லை. வாடிக்கு வருகிற ஒரே பாதை கோயில் முன்னால் போகிறது. தெருமுனையில் வேப்பிலை கட்டிய கயிற்றைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் வண்டி நின்றது. இந்தப் பக்கம் வண்ணக்கர் நின்றார். அந்தக் கோயிலை நடத்துகிறவர் அவர்தான். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் காப்பு. குரலை உயர்த்திப் பேசாத மனிதர். நான் வாடியிலிருந்து ஓடிவந்து அவர் பக்கத்தில் நின்றேன்.

"தம்பி, அம்மாள்ட கதவு திறந்தாச்சு" என்று மருமகனிடம் சொன்னார். "குளிர்த்தி முடியுமட்டும் இந்தத் தெருவால பிணம் போகாது. நம்மட ஆளெண்டாலும் போகாது."

"வண்டிக்குள்ள வெச்சுத்தானே ஐயா கொண்டு போறம். கண்ணாடியெல்லாம் மூடிக் கிடக்கும். ஒருத்தருக்கும் தெரியா."

"அம்மாளுக்குத் தெரியும்."

"அம்மாளுக்குத் தெரிஞ்சா அவ ஒண்டும் சொல்ல மாட்டா ஐயா. நீங்கதான் சொல்லுவீங்க."

பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். வண்ணக்கர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. கயிற்றைப் பிடித்தபடி நிதானமாகச் சொன்னார்:

"போன வருசம் இதே சடங்குக்குள்ள என்ட அக்கா செத்தவ. என்ட கூடப்பிறந்தவ. ஒரு மேளம் இல்ல, ஒரு ஒப்பாரி இல்ல. கதவச் சாத்திப்போட்டு, கட்டிலுக்குக் கீழ ஐஸ் வெச்சு, குளிர்த்தி முடியுமட்டும் வீட்டுக்குள்ளயே வெச்சிருந்தம். அழுறதெண்டாலும் சீலைத் தலைப்ப வாய்க்குள்ள அடைஞ்சுதான் அழுதம். அவக்குச் செஞ்சத உங்கட ஆளுக்கும் செய்றனெண்டுதான் சொல்றன். என்ட வீட்டு முன்னறைய ஒழிச்சுத் தாறன். ஐஸ் நான் எடுப்பிக்கிறன். நீங்களும் வந்து கிட்ட இருங்க. எனக்கு வேற, உங்களுக்கு வேற எண்டு நான் பாக்கல்ல."

அவர் உண்மையாகத்தான் சொன்னார். தன் வீட்டு முன்னறையைத் தருவேன் என்றால் தந்திருப்பார். பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்ததைத்தான் அவர் செய்ய நின்றார். அதில் எங்கே பிழை என்று அந்த நேரத்தில் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திராது.

மருமகன் கயிற்றுக்குக் கிட்ட வந்தார்.

"உங்கட அக்காக்குச் செஞ்சது உங்களுக்குச் சரி ஐயா. என்ட மாமாவ உங்கட ஆள் மாதிரி வெச்சிருக்க வேணாம். எங்கட ஆள் மாதிரி விட்டுடுங்க. எங்களுக்கு மையித்த வெச்சிருக்கக் கூடா, அண்டைக்கே அடக்கணும். ஐஸில போட்டா அவருக்கு நோகும்."

வண்ணக்கர் காப்புக் கட்டிய கையை மற்றக் கையால் தடவினார்.

"அப்ப என்ட அக்காக்கும் நொந்திருக்கும்" என்றார்.

வெயில் உச்சியில் நின்றது. வாடியில், சாக்குப் படுதாவுக்குக் கீழே, காக்காவின் மேல் ஈ மொய்க்கத் தொடங்கியிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வண்ணக்கரே வழி சொன்னார். அம்மனின் எல்லை வாடி வேலியோடு முடிகிறது. வாடியின் பின்பக்கத்தால் இறங்கி வட்டைக்குள்ளால் கொண்டு போனால் அவர் மறிக்கமாட்டார். வண்டி வந்த வழியே திரும்பிச் சுற்றிப்போய்ப் பெரிய வாய்க்கால் கட்டில் நிற்கலாம்.

"ஆனா ஊராள் ஒருத்தனும் கை வைக்க மாட்டான். எல்லாரும் காப்போட நிக்காங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ ஊராள் இல்ல. நீ தூக்கலாம். தூக்கினா குளிர்த்தி முடியுமட்டும் இந்தப் பக்கம் வராத, மனே. வாடிக்கும் வராத."

"வரல்ல" என்றேன்.

வாடிக்குத் திரும்பி, கல் காயவைக்கிற பலகையில் நீளமான ஒன்றை எடுத்துக் கழுவினோம். காக்காவை அவருடைய நல்ல சாறத்தாலும் என் போர்வையாலும் சுற்றினோம். வரம்பில் நாலு பேர் பக்கம் பக்கமாக நடக்க முடியாது. ஆகவே இரண்டு பேர் போதும் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். இருந்ததும் இரண்டு பேர்தான்.

நாங்கள் விழுந்தது வட்டையின் நடுவில். வயலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பாய வரம்பை வெட்டி வைப்பார்கள். அந்த வாய்க்கு வக்கடை என்று பெயர். காலையில் அந்த வரம்பால்தான் நான் வாடிக்குத் தண்ணீர் எடுத்து வந்தேன். அப்போது அங்கே வக்கடை இல்லை. மத்தியானம் யாரோ புதிதாக வெட்டிவிட்டிருந்தார்கள். மருமகன் அதைக் கண்டு காலை எட்டி வைத்தார். மறுபக்க மண் ஊறிப்போயிருந்தது. அவர் முழங்காலில் விழுந்தார், பலகை முன்னால் சரிந்தது, காக்கா தலைப்பக்கமாக வயலுக்குள் இறங்கினார்.

மருமகன் சேற்றுக்குள் இருந்தபடி, "மாமா, மாமா, மன்னிச்சுக்கங்க மாமா" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். சத்தம் போட்டு அல்ல. தூங்குகிறவரை எழுப்பக்கூடாதது போல.

நான் போர்வையை விலக்கிக் காக்காவின் முகத்தைக் கையால் துடைத்தேன். மூக்கு, கண், தாடி. மாதக்கணக்காக அந்த மனிதருக்கு நான் சேறு மிதித்துக் கொடுத்தேன். அன்றைக்கு அவர் மேலிருந்து அதை வழித்தேன். பலகையின் முனை உரசி நெற்றியில் ஒரு கீறல் விழுந்திருந்தது. இரத்தம் வரவில்லை.

இரண்டு வயல் தள்ளி ஒருவன் மண்வெட்டியோடு நின்றான். எங்களை அவன் முன்பே பார்த்திருக்கவேண்டும்.

"காக்காவா?" என்று அங்கிருந்தே கேட்டான்.

"ஓம்."

"என்ட குசினிக்கு அவர்தான் கல் அறுத்துத் தந்தவர்."

அவன் கையைத் தூக்கிக் காட்டினான். காப்பு. "வரேலாது தம்பி" என்றான். பிறகு, "கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு மேல்வரம்பால் ஓடினான். ஓடிப்போய் மேலே தண்ணீர் வருகிற வாயை மண்ணால் அடைத்தான். நாங்கள் கயிற்றைத் திரும்பவும் இறுக்கிக் கட்டி முடிப்பதற்குள் வக்கடையில் தண்ணீர் வற்றி, கால் வைக்கத் தரை தெரிந்தது. அதற்குப் பிறகும் அவன் எங்களுக்கு முன்னால், கிட்ட வராமல், ஒவ்வொரு வக்கடையாக அடைத்துக்கொண்டே போனான். கட்டுக்குக் கிட்ட வந்ததும் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வேறு பக்கமாகத் திரும்பிவிட்டான்.

ஓட்டுநர் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார். வண்டி ஓடியபோது நான் பின்னால் பலகையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வவுணதீவு தாண்டி வலையிறவுப் பாலத்தில் ஏறும்போது வாவி சாய்வெயிலில் மின்னிக் கிடந்தது. தோணிகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. மருமகன் போனில், "வந்துட்டம், வந்துட்டம்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே வந்தார். பொழுது விழப்போகிறது என்ற பதைப்பு அவருக்கு. எனக்கும் வந்துவிட்டிருந்தது. நேரம் தவறினால் குறையப்போவது என் சடங்கு அல்ல, இருந்தும் வந்திருந்தது.

காத்தான்குடியில் எல்லாம் வேகமாக நடந்தது. திரை கட்டிய இடத்தில் குளிப்பாட்டினார்கள். வெள்ளைத் துணியில் சுற்றினார்கள். பள்ளிவாசலில் தொழுதார்கள். நான் வெளிக்குழாயில் கால் கழுவினேன். அடக்கம் செய்கிற மையவாடி வாசல்வரை எல்லோருடனும் போனேன். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை. வாசலில் நின்றேன். மண் விழுகிற சத்தம் மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்டது. வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

மருமகன் என்னை விடவில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போனார். கதவுத் திரைக்குப் பின்னால் காக்காவின் மகள் இருந்தா. வாப்பாவைக் குளிப்பாட்டியபின் அவவுக்கு முகம் காட்டியிருந்தார்கள், நெற்றிக் கீறலோடு.

"கூட வேலை செஞ்ச அண்ணனா?" என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டா.

"ஓம்."

"வாப்பாவ நோகாமக் கொண்டு வந்தீங்களா?"

நான் மருமகனைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"விழுந்துட்டம் புள்ள" என்றார். "வட்டைக்குள்ள. நான்தான் வழுக்கிட்டன்."

"மறுகா? அதுக்குப் பிறகு?" என்றா.

"தூக்கிட்டம்" என்று நான் சொன்னேன். "முகத்தத் துடைச்சன்."

"எதால?"

"கையால."

"சாப்பாடு குடுங்க அவருக்கு" என்று யாரிடமோ சொன்னா. அயல்வீட்டிலிருந்து வந்த சோறு. அதன்பிறகு அவ அழுகிற சத்தம் கேட்டது. நான் பாதியில் எழும்பப் பார்த்தேன், மருமகன் தோளை அமர்த்தி இருத்தினார். தின்றேன். பசி இருந்தது.

அன்றிரவு படுத்தது ஆரையம்பதியில், ஒரு பஸ் நிறுத்தத்தில். விடிந்ததும் கடற்கரைக்குப் போய் ஆள் வேண்டுமா என்று கேட்டேன். தோணிக்காரன் ஒருவன், எங்கிருந்து வருகிறாய், சாறம் ஏன் இப்படிச் சேறு என்று கேட்டான். உள்ளதைச் சொன்னேன்.

"நேற்றுப் பிணம் தூக்கிப்போட்டு இண்டைக்குத் தோணியில ஏறவா? எங்களுக்கும் அம்மாள் கதவு திறந்துதான் கிடக்கு. கழுவிப்போட்டு அடுத்த கிழமை வா."

அவன் சொன்னதில் எனக்குக் கோபம் வரவில்லை. வாவிப் பக்கம் நடந்தேன். அங்கே ஐஸ் உடைக்கிற கொட்டகை ஒன்று இருந்தது. அங்கேயும் உள்ளதைத்தான் சொன்னேன். கொட்டகைக்காரர் காதைக் குடைந்துகொண்டே கேட்டார்.

"ஐஸுக்குத் துடக்கெல்லாம் இல்ல. கை விறைக்கும், அவ்வளவுதான். விறைக்குதெண்டு பிறகு சொல்லாத. ஏத்து."

கட்டிகளை உமிக்குள் புதைத்து வைத்திருந்தார்கள். வாடியில் சேற்றோடு கலந்து மிதித்த அதே உமி. முதல் ஏற்றம் மீனுக்கு இல்லை. அந்த ஊரிலேயே ஒரு வீட்டுக்கு. ஒரு அம்மா முந்தினநாள் இறந்திருந்தா. உடல் பழுதாகாதிருக்க மருந்தேற்றுவதற்காகத் தன்னை வெட்டக்கூடாது என்று உயிரோடு இருந்தபோதே சொல்லி வைத்திருந்தாவாம். மகன் கட்டாரிலிருந்து வரவேண்டும். கட்டிகளைச் சாக்கில் சுற்றி ஓட்டோவில் கொண்டுபோய் இறக்கினேன்.

கட்டிலுக்குக் கீழே பழைய ஐஸ் கரைந்து தண்ணீராகக் கிடந்தது. மகளாக இருக்கவேண்டும், ஒரு பெண் அதைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தா. நான் முதல் கட்டியைத் தள்ளப் போனபோது நிமிர்ந்தா.

"மெல்ல வைங்க தம்பி. அம்மாக்குக் குளிர் ஒத்துக்காது. சித்திரை வெயில்லயும் சால்வை போட்டுத்தான் படுப்பா."

நான் கட்டியை மெல்ல வைத்தேன். கையில் இரண்டு சாக்கு இருந்தது. ஒன்றை ஐஸின் மேல் போட்டேன். மற்றதை உதறி, உமியைத் தட்டி, நாலாக மடித்து, அந்த அம்மாவின் முதுகு படுகிற பக்கமாகக் கட்டில் சட்டத்துக்கு அடியில் செருகினேன். பிறகு அடுத்த கட்டியை எடுக்க வெளியே போனேன்.